பத்மினியில் யாரோ மாட்டிவிட்ட எலக்ட்ரிக் பம்ப்

தண்டையார்பேட்டைக்காரன்:
அண்ணன்மாரே, அப்பா ஓட்டிய 1986 பிரீமியர் பத்மினி. முன்பு ஒரு பட்டறையில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பைக் கழற்றி, அந்த இடத்தைத் தகடு போட்டு மூடி, டிக்கிக்கு அடியில் பெயர் தெரியாத எலக்ட்ரிக் பம்ப் மாட்டிவிட்டார்கள். எம்.சி. ரோடு நெரிசலில் நின்றால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பொங்கி வழிகிறது. பெட்ரோல் வாடைக்கு அம்மா ஏறவே மாட்டேன் என்கிறார். அந்த சோலெக்ஸ் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பழைய பிஸ்டன்:
சோலெக்ஸ் மேல் பழி போடாதீங்க தம்பி. இன்ஜெக்‌ஷன் காரின் பம்பை மாட்டியிருக்கலாம், அது 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும். கார்புரேட்டருக்கு 0.2, 0.3 பார் போதும். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் மிதவையால், பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வை மூடிப் பிடிக்க முடியாது, பொங்கத்தான் செய்யும். முதலில் பிரஷர் கேஜ் வைத்து அளந்து பாருங்க. பழைய பம்பைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

காசிமேடு கிளட்ச்:
ஹோஸையும் பாருங்கள். மீன் தொட்டிக்குப் போடுகிற, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள். பெட்ரோலில் அது விறைத்து விரிசல் விடும். இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, பழைய ரப்பரையும் விடாது.

தண்டையார்பேட்டைக்காரன்:
அந்த மீன் தொட்டி டியூப்தான் அண்ணா! பழைய பம்ப் பரணில் பெயின்ட் டப்பாவுக்குள் இருந்தது. உள்ளே இருக்கும் சவ்வு, அதான் டயாஃப்ரம், அது மட்டும் கிழிசல். ஞாயிறு புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்குப் போகிறேன்.

பழைய பிஸ்டன்:
பம்புக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இடைவெளிக்கு வரும் ஸ்பேசர் துண்டையும் தேடுங்க. தடிப்பு மாறினால் பம்ப் சரியாக இழுக்காது. அதுவரை வண்டியை எடுக்காதீங்க.