சிவில் படித்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியர் ஆக முடியுமா?

கேள்வி (சிமென்ட்_கோடர்):
பி.இ. சிவில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மனசு முழுக்க ப்ரோகிராமிங்தான். எம்.இ., பிஎச்.டி. எல்லாம் சிஎஸ்இ-யில் முடித்து வாத்தியார் வேலைக்குப் போக ஆசை. மாமாவிடம் சொன்னால், "சிவில்காரனை எவன்டா அந்த டிபார்ட்மென்ட்ல சேர்ப்பான்" என்கிறார். கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது வாங்கிய ராஜ் ரெட்டி கிண்டியில் சிவில்தான் படித்தார் என்று நண்பன் சொல்கிறான், நிஜமா? அவர் எப்படி மாறினார்?

கிண்டி_சீனியர்:
நிஜம்தான். சித்தூர் பக்கம் காட்டூரில் பிறந்தவர், 1958-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் பி.இ. முடித்தார். அடுத்து ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் எம்.டெக்., 1960. அந்தப் பல்கலையில் அப்போதே யூட்டெகாம் என்ற கம்ப்யூட்டர் இருந்தது. படிப்பு முடிந்ததும் அங்கேயே ஐபிஎம்-மில் மூன்று வருடம் வேலை. எல்லோரும் அவர் பிறகு போன அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலையையே பேசுவார்கள், என்னைக் கேட்டால் அவரை மாற்றியது இந்த ஐபிஎம் வருடங்கள்தான். பிறகு ஸ்டான்ஃபோர்டில் செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஜான் மெக்கார்த்தியிடம் பேச்சை அடையாளம் காணும் கணினி பற்றி ஆய்வு செய்து 1966-ல் பிஎச்.டி. வாங்கி, அங்கேயே உதவிப் பேராசிரியர் ஆனார். 1969-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனார், அதன் பிறகு அதுவே அவர் இடம். 1979-ல் அங்கே ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் முதல் இயக்குநர், 1991 முதல் 1999 வரை கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவின் டீன், நடுவில் 1994-ல் எட்வர்ட் ஃபைகன்பாம் என்ற இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து டூரிங் விருது. அவரிடம் பிஎச்.டி. செய்த ஜேம்ஸ் பேக்கர்தான் பின்னால் மனைவி ஜேனட்டோடு பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் செய்த டிராகன் கம்பெனி ஆரம்பித்தவர், செயற்கை நுண்ணறிவில் பெயர் பெற்ற கை-ஃபூ லீயும் ரெட்டியின் மாணவர்தான்.

தறிக்கொடி:
எல்லாம் சரி, ஆனால் அதை வைத்துத் தம்பிக்கு ஆசை காட்டாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையே 1965-ல்தான் வந்தது. அப்போது அந்தத் துறைக்கு வந்த எல்லோருமே கணிதம், இயற்பியல், ஏதோ ஒரு இன்ஜினியரிங் என்று வேறு இடத்திலிருந்து வந்தவர்கள். இப்போது பொறியியல் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தும் ஏஐசிடிஇ-யின் 2019 விதிப்படி உதவிப் பேராசிரியர் வேலைக்கு பி.இ., எம்.இ. இரண்டும் "தொடர்புடைய பிரிவில்" வேண்டும், இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு. தனியார் கல்லூரி கமிட்டியில் உட்காருகிறவர் அந்தத் "தொடர்புடைய" என்ற சொல்லைக் கறாராகப் படித்தால் உங்கள் சிவில் பி.இ. அங்கேயே இடிக்கும். நானும் ஒரு கமிட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தவன், பாடத்தில் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை, பி.இ. சான்றிதழையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

சிமென்ட்_கோடர்:
அப்போ மாமா சொன்னதுதான் சரியா அண்ணா?

தறிக்கொடி:
பாதி சரி. ஐஐடி மாதிரி இடங்களில் பிஎச்.டி.யும் ஆய்வுக் கட்டுரைகளும்தான் பேசும், பி.இ. எந்தப் பிரிவு என்பது பின்னால் போய்விடும். அதனால் குறி அங்கே இருக்கட்டும்.

கிண்டி_சீனியர்:
முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வை மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம் தம்பி. சிவில் படித்தாலும் சிஎஸ் தாள் எடுக்கலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். எம்.இ.யை விட, ஆய்வு வழி எம்.எஸ். கிடைக்கிறதா பாருங்கள், அங்கே இரண்டு கட்டுரை வந்தால் பிஎச்.டி. கதவு தானாகத் திறக்கும். விண்ணப்பிக்கும் முன்னால் அந்தந்தத் துறையின் தகுதி விவரத்தைப் படியுங்கள், சில இடங்களில் வேறு பிரிவுக்காரர்களை எடுக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அடிப்படையான டிஸ்க்ரீட் மேத்ஸை (தர்க்கம், கணங்கள், கிராஃப் போன்ற கணிதம்) இன்றைக்கே தொடங்குங்கள், சிவில்காரர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.