எஃப் கீ ஒருக்கா அமத்தினா இரண்டு தரம் விழுகுது, மவுஸும் டபுள் கிளிக் அடிக்குது: உதவி

கேள்வி (உப்புவெளி):
வணக்கம். வீட்டில இருந்து பாமினியில (எஃப் கீயில ‘க’ வாற தமிழ் எழுத்துரு) தட்டச்சு வேலை செய்து குடுக்கிறன். லப்டொப்பில எஃப் கீயை ஒருக்கா அமத்தினா இரண்டு ‘க’ விழுது. ‘கடிதம்’ எண்டு அடிச்சா ‘ககடிதம்’. மவுஸில ஒரு கிளிக் பண்ணினா ஃபைலே திறந்திடுது. விண்டோஸ் 10. புதுசு வாங்க இப்ப காசு இல்லை. எஃப் கீயை நிப்பாட்டிப்போட்டு, இரவல் யூ.எஸ்.பி கீபோட் ஒண்டைச் செருகினா சரிவருமா?

மறுமொழி 1:
தங்கச்சி, எஃப்பை நிப்பாட்டாதேங்கோ. பவர்டோய்ஸில (மைக்ரோசொஃப்டின்ர இலவச மென்பொருள்) செய்தாலும், ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸ் தன்ர அமைப்புகளைச் சேமிக்கிற இடம்) ஸ்கேன்கோட் மப் எண்ட கீ மாத்துற பதிவைப் போட்டாலும் அது எல்லாக் கீபோட்டுக்கும் சேர்த்துத்தான். யூ.எஸ்.பி கீபோட்டிலயும் எஃப் வேலை செய்யாது. ‘க’ இல்லாமல் என்னத்தை அடிக்கிறது? ஒரு கீ தானாவே ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த வழி.

உங்களுக்குத் தேவை பவுன்ஸ் கீஸ். கன்ட்ரோல் பனலில ஈஸ் ஒஃப் அக்சஸ் சென்டருக்குப் போய், கீபோட் பகுதியில பில்டர் கீஸைத் திறந்து, அதுக்குள்ள பவுன்ஸ் கீஸைப் போடுங்கோ. கீயை விட்ட கையோட அதே கீ திரும்ப வந்தால் விண்டோஸ் கணக்கில எடுக்காது. அங்க ஆகக் குறைஞ்ச நேரம் 0.5 செக்கன். பாமினியில ‘க்க’ அடிக்கேக்க நடுவில குத்து (புள்ளி) கீ வாறதால தமிழுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. இங்கிலீஷில ‘ஒஃபிஸ்’ அடிச்சா ஒரு எஃப் காணாமப் போகும். அதால ரெஜிஸ்ட்ரியில கரண்ட் யூசர், கன்ட்ரோல் பனல், அக்சஸிபிலிட்டி, கீபோட் ரெஸ்பொன்ஸ் எண்டு போங்கோ. பவுன்ஸ்டைம் 500 எண்டு இருக்கும், மில்லிசெக்கன் கணக்கு. அதை 80 ஆக்கி, சைன் அவுட் பண்ணித் திரும்ப உள்ள வாங்கோ.

மறுமொழி 2 (நிலாவெளி, ரிப்பேர் செய்யிறனான்):
பவுன்ஸ் கீஸ் மவுஸைத் தொடாது. டபுள் கிளிக் வேகத்தை மாத்தியும் பிரயோசனம் இல்லை. ஆகக் கூட்டி வைச்சாலும் 200 மில்லிசெக்கனுக்குள்ள வாற இரண்டு கிளிக்கை விண்டோஸ் டபுள் எண்டுதான் எடுக்கும். தேஞ்ச சுவிட்ச் துள்ளுறது (ஒருக்கா அமத்த இரண்டு தரம் தொடுறது) அதைவிடக் கெதியா. மவுஸ் செட்டிங்ஸில பிரைமரி பட்டனை வலதுக்கு மாத்துங்கோ, அந்தச் சுவிட்ச் அவ்வளவு தேஞ்சிருக்காது. லினக்ஸில எண்டால் மவுஸ், கீபோட்டைக் கவனிக்கிற லிப்இன்புட் எண்ட மென்பொருள் இந்தத் துள்ளலைத் தானாவே வடிகட்டும்.

எங்கட கரையோர உப்புக் காத்து இந்தத் தொடுமுனையளைச் சும்மா விடாது. இரவில லப்டொப்பை மூடி, உறைக்குள்ள வையுங்கோ. ஜன்னலடியில வேண்டாம்.

கேட்டவர்:
அண்ணா, 80 வைச்சன். ‘க’ ஒண்டாத்தான் விழுது, இங்கிலீஷும் சரியா வருது. வலது பட்டனுக்குத்தான் கை இன்னும் பழகேல்லை. இரண்டு பேருக்கும் பெரிய நன்றி.

மறுமொழி 1:
சந்தோசம் தங்கச்சி. துள்ளல் திரும்ப வந்தால் 100, 120 எண்டு மெல்ல மெல்லக் கூட்டுங்கோ. இங்கிலீஷ் இரட்டை எழுத்து விடுபடத் தொடங்கினா அதுக்கு மேல போகாதேங்கோ.