பி.எஸ்சி. படிக்கும்போதே ஆய்வுக் குழுவில் சேர வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி கிடையாது. சூரியனை ஆராயும் பல்கலைக்கழகக் குழு ஒன்றில் கோடை விடுமுறையிலாவது வேலை பழக வேண்டும் என்பது என் ஆசை.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாக எடுத்துவரும் படங்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. 1909இல் வானியலாளர் எவர்ஷெட், சூரியனில் கருமையாகத் தெரியும் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்த இடம் அது. அந்தப் படங்களில் சிலவற்றை எடுத்து, பைத்தான் நிரல்மொழியில் கரும்புள்ளிகளின் பரப்பை அளந்துவருகிறேன். சூரிய வட்டின் ஓரம் இயல்பாகவே மங்கலாகத் தெரியும். அதனால் படம் முழுவதற்கும் ஒரே வெளிச்ச அளவை வைத்து, அதைவிட மங்கலானதெல்லாம் புள்ளி என்று பிரித்தால் ஓரமும் கரும்புள்ளிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இப்போது அதைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன். ராத்திரி உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியவில்லை!

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது இந்த வேலையைச் சொல்லலாமா, நிரலையும் சேர்த்து அனுப்பலாமா? முதலில் அவரிடம் பிஎச்.டி. செய்யும் அண்ணன், அக்காக்களிடம் பேசுவது நல்லதா? குவாண்டம் இயக்கவியல் பாடம் எங்களுக்கு அடுத்த ஆண்டுதான் வருகிறது, அது தடையாகுமா?

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். அதில் போனவர்கள் யாராவது இருந்தால், ஆய்வுக் குறிப்பை எப்படி எழுதினீர்கள் என்று கட்டாயம் சொல்லுங்கள். அப்புறம், உதவித்தொகை இல்லாமல் போனால் தங்குவதற்கு என்ன செய்தீர்கள்? வீட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.