யுனிவர்சிட்டில ஒரு சாஃப்ட்வேர் வாங்க ஃபைல் போட்டா ஏன் திரும்பி திரும்பி வருது?

தண்டையார்பேட்டை_லேப்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டி டிபார்ட்மென்ட்ல லேப் பாத்துக்கறேன். எங்க எச்ஓடி மேடத்துக்கு அசைன்மென்ட், வைவா, இன்டர்னல் மார்க் எல்லாத்தையும் ஒரே எடத்துல பாக்கற மாதிரி ஒரு கிளவுட் சாஃப்ட்வேர் வேணும், வருஷ சந்தா மூணு லட்சத்துக்குள்ள தான் வருது. கம்பெனிக்காரங்க வந்து டெமோ காட்டினாங்க, பசங்களுக்கும் புடிச்சிருந்தது, சரின்னு நோட் போட்டு கொட்டேஷன் வெச்சு மேல அனுப்பினோம். மூணு கொட்டேஷன் எங்கன்னு திரும்பி வந்துச்சு. அத வெச்சு அனுப்பினா கம்ப்யூட்டர் சென்டர் ஒப்பீனியன் எங்கன்னு வந்துச்சு. அதையும் வாங்கி வெச்சா இப்போ பசங்க டேட்டா எந்த நாட்டு சர்வர்ல இருக்கும், டெண்டர் ஏன் போடலன்னு ரெண்டு கேள்விய பென்சில்ல எழுதி ஒட்டி அனுப்பிருக்காங்க. ஃபைலு கொருக்குப்பேட்டை கேட்டுல மாட்டின ஷேர் ஆட்டோ மாதிரி நிக்குது, எப்ப தொறக்கும்னு யாருக்கும் தெரியல.

நம்ம ஏரியாவுல இருக்கற ஒரு தனியார் காலேஜ்ல இதே சாஃப்ட்வேர கரஸ்பாண்டன்ட் ஒரே போன்ல ஓகே பண்ணி வாங்கிட்டாங்க. கம்பெனிக்காரர் என்ன சொல்றாருன்னா, ரெண்டு பில்லா பிரிச்சு தரேன், இல்லன்னா மேடம் கார்டுல கட்டிட்டு அப்புறமா க்ளெய்ம் பண்ணிக்கட்டும்ங்கறாரு. இது நடக்குமா? உண்மையில யாரு தான் இத ஓகே பண்ணணும்?

பழைய_சூப்பரண்டு:
தம்பி, மொதல்ல அந்த ரெண்டு ஐடியாவையும் தூக்கி போடுங்க. பில்ல பிரிக்கறது எல்லாரும் கண்டுபிடிக்கற குறுக்கு வழி தான், அதனால தான் ரூல்லயே அத எழுதி வெச்சிருக்கான். சென்ட்ரல் கவர்மென்ட்டோட பொது நிதி விதிகள், அதாவது ஜிஎஃப்ஆர் 2017-ல 157-வது விதி, மேலதிகாரி அனுமதிய தவிர்க்கறதுக்காக தேவைய துண்டு துண்டா பிரிச்சு வாங்கக்கூடாதுன்னு நேராவே சொல்லுது. நம்ம ஸ்டேட்ல 1998-ம் வருஷ டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம், அது கூட 2000-ல வந்த விதிகள். அரசு சட்டம் போட்டு உண்டாக்கின யுனிவர்சிட்டியும் இதுக்குள்ள தான் வரும், நாங்க தன்னாட்சி நிறுவனம்னு சொல்லிலாம் தப்பிக்க முடியாது.

கார்டு மேட்டர் அதவிட மோசம். மேடம் கைக்காசு போட்டு கட்டிட்டா, அது அனுமதி இல்லாம பண்ண செலவு. பின்தேதி போட்டு எவனும் கையெழுத்து போட மாட்டான், போடவும் கூடாது.

நீங்க கேட்ட கேள்விக்கு வரேன், யாரு ஓகே பண்ணணும்னு. ஒரு ஆளு கிடையாது. டிபார்ட்மென்ட் தேவைய சொல்லும், கம்ப்யூட்டர் சென்டர் இது நம்ம நெட்வொர்க்குல ஓடுமா, ஏற்கனவே இதே வேலைய செய்யற லைசென்ஸ் வேற டிபார்ட்மென்ட்ல இருக்கான்னு பாக்கும், பர்ச்சேஸ் கமிட்டி விலையையும் ஸ்பெசிஃபிகேஷனையும் பாக்கும், ஃபைனான்ஸ் ஆபீசர் எந்த பட்ஜெட் ஹெட்ல, அதாவது கணக்குத் தலைப்புல, பணம் இருக்குன்னு சொல்வாரு, ரிஜிஸ்ட்ராரோ விசியோ அவங்கவங்க லிமிட் வரைக்கும் அனுமதி தருவாங்க, அதுக்கு மேல போச்சுன்னா ஃபைனான்ஸ் கமிட்டி, அப்புறம் சிண்டிகேட்ங்கற யுனிவர்சிட்டி நிர்வாகக் குழு. உங்க யுனிவர்சிட்டில யாருக்கு எவ்ளோ லிமிட்டுன்னு ஒரு அதிகாரப் பகிர்வு ஆர்டர் இருக்கும், செக்ஷன்ல கேட்டு ஒரு காப்பி வாங்கி வெச்சுக்கோங்க, பாதி பேரு அத பாக்காமலே ஃபைல் போடறாங்க.

இவ்ளோ பேரு எதுக்குன்னு கேப்பீங்க. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆளுங்க வந்து ஒக்காந்தா ஏன் இந்த கம்பெனி, ஏன் இந்த விலைன்னு தான் மொதல்ல கேப்பாங்க. பதில் ஃபைல்ல இல்லன்னா ஆடிட் அப்ஜெக்ஷன். அது தீராம ரிட்டயர்மென்ட் பணம் மாட்டிக்கிட்டு அலைஞ்சவங்கள நான் கண்ணால பாத்திருக்கேன். அந்த பென்சில் குறிப்பு போட்ட ஆளு உங்க மேல கடுப்புல போடல, அவன் பென்ஷன நெனச்சு போட்டிருக்கான்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
சூப்பரண்டு சார் சொல்றது கரெக்டு தான், ஆனா இந்த ரூல்லாம் இருந்து இன்னா புண்ணியம்? எங்க காலேஜ்ல எல்-1 எல்-1னு இருக்கறதுலயே கம்மி ரேட்டு போட்டவன் கிட்ட கம்ப்யூட்டர் எடுத்தாங்க, வாரன்ட்டி முடியறதுக்குள்ள உள்ள இருக்கற பவர் சப்ளை டப்பா, அதான் எஸ்எம்பிஎஸ், ஒண்ணொண்ணா புட்டுக்குச்சு, போன் பண்ணா சர்வீஸ்காரன் எடுக்கவே மாட்டேங்கறான். லேப்ல பாதி மானிட்டரு மேல கவர் போட்டு வெச்சுகீறாங்க நைனா.

பழைய_சூப்பரண்டு:
எல்-1 மேல பழி போடாதப்பா, ஸ்பெசிஃபிகேஷன் எழுதினவர கேளு. ஆன்சைட் வாரன்ட்டி எத்தன வருஷம், கம்ப்ளெய்ன்ட் போட்டா எத்தன மணி நேரத்துல ஆளு வரணும், வரலன்னா எவ்ளோ பிடித்தம், ஒழுங்கா செய்வேன்னு அவன் கட்டி வெக்கற பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டி பணம் எவ்ளோ, இத எழுதலன்னா கம்மி ரேட்டுக்காரன் ஏன் வரப்போறான்? ரெண்டு கவர் முறை எதுக்கு இருக்கு, டெக்னிகல் கவர்ல தேறாதவனோட விலைக் கவரயே தொறக்க வேணாம்னு தான. பழைய ஸ்பெக்க காப்பி அடிச்சு வருஷத்த மட்டும் மாத்தி அனுப்பினா இப்படித்தான்.

வியாசர்பாடி_வயர்மேன்:
நான் வேற ஒரு யுனிவர்சிட்டில நெட்வொர்க் சைடு. டேட்டா எங்க இருக்கும்ங்கற கேள்விய எங்கள மாதிரி ஆளுங்க தான் கெளப்பி விடறோம், அதனால திட்டறதுன்னா என்ன திட்டுங்க.

விலை மூணு லட்சம் தான், ஆனா உள்ள போறது எத்தன பசங்களோட பேரு, போன் நம்பர், மார்க்கு, சில சாஃப்ட்வேர்ல கேமரா படம் வேற. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் படி, டேட்டாவ எந்த கம்பெனி கிட்ட குடுத்து வெச்சிருந்தாலும் பொறுப்பு வாங்கின நிறுவனத்துக்கு தான், அக்ரிமென்ட்ல என்ன எழுதிருந்தாலும் சரி. பாதுகாப்பு ஏற்பாடு ஒழுங்கா இல்லாம லீக் ஆச்சுன்னா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம். விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முழுசா அமலுக்கு வர 2027 வரைக்கும் டைம் இருக்கு, ஆனா நீங்க இன்னிக்கு போடற அக்ரிமென்ட் அதையும் தாண்டி ஓடும் இல்ல. அதுலயும் ஃபர்ஸ்ட் இயர் பசங்க பல பேருக்கு 18 முடிஞ்சிருக்காது, அவங்க விஷயத்துல பெத்தவங்க சம்மதம்னு தனிப் பிரிவே இருக்கு, கல்வி நிறுவனத்துக்கு சில விலக்கு இருக்கு, அத படிச்சிட்டு தான் இறங்கணும். அது போக சைபர் பாதுகாப்ப பாக்கற சென்ட்ரல் அமைப்பு செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல போட்ட உத்தரவு, சைபர் சம்பவம்னு தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும், சிஸ்டத்துல என்னென்ன நடந்துச்சுங்கற பதிவ, அதாவது லாக்க, 180 நாள் வெச்சிருக்கணும். கம்பெனி உங்க கிட்ட மூணு நாள் கழிச்சு சொன்னா நீங்க எப்படி 6 மணி நேரத்துல சொல்லுவீங்க?

அதனால கம்பெனி கிட்ட கேளுங்க, வாயால சொன்னா ஒத்துக்காதீங்க, லெட்டர்ஹெட்ல வாங்குங்க: சர்வர் எங்க, பேக்கப் எங்க, செர்ட்-இன் பட்டியல்ல இருக்கற ஆடிட்டர் கிட்ட செக்யூரிட்டி ஆடிட் பண்ண ரிப்போர்ட் இருக்கா, லீக் ஆனா எங்களுக்கு எப்ப சொல்லுவ, சந்தா நின்னு போச்சுன்னா மார்க் எல்லாத்தையும் எக்செல்ல தொறக்கற சிஎஸ்வி ஃபைலா தருவியா, எங்க டேட்டாவ எப்ப அழிப்ப. அமெரிக்கால யுனிவர்சிட்டிங்க எல்லாம் சேர்ந்து ஹெக்வாட்னு ஒரு கேள்வித்தாள் வெச்சிருக்காங்க, எடுகாஸ் அமைப்பு சைட்ல சும்மாவே டவுன்லோட் பண்ணலாம். மொத்தமும் நமக்கு தேவப்படாது, பத்து பதினஞ்சு கேள்வி உருவினாலே போதும். உண்மையான கம்பெனின்னா பதில ரெடியா வெச்சிருப்பான், டெமோ மட்டும் காட்டறவன் அதோட காணாம போயிடுவான்.

ராயபுரம்_ஸ்காலர்:
ஒரு பாயின்ட் விட்டுட்டீங்க. பணம் எங்கேர்ந்து வருதுங்கறத பொறுத்து ரூலே மாறும். யுனிவர்சிட்டி சொந்த நிதின்னா சூப்பரண்டு சார் சொன்ன ஸ்டேட் சட்டம். சென்ட்ரல் ப்ராஜெக்ட் கிராண்ட்ல வாங்கினா ஜிஎஃப்ஆர் வரும், அரசு ஆபீசுங்க வாங்கற ஆன்லைன் சந்தையான ஜெம் போர்ட்டல்ல அது இருந்தா அங்க தான் வாங்கணும், இல்லன்னா அங்க கிடைக்கலங்கற ரிப்போர்ட் எடுத்து வெச்சா தான் வெளிய வாங்க விடுவாங்க. ஜிஎஃப்ஆர் படி டெண்டர் இல்லாம கொட்டேஷன் வெச்சே வாங்கற லிமிட் 2.5 லட்சம்னு நெட்ல ஒரு பழைய பிடிஎஃப் சுத்துது, அது 2017 கணக்கு, அதுக்கப்பறம் ஏத்திட்டாங்க, அத நம்பி நோட் எழுதாதீங்க. இன்னொண்ணு, முன்னாடி சென்ட்ரல் அறிவியல் தொழில் ஆராய்ச்சித் துறை (டிஎஸ்ஐஆர்) சர்டிபிகேட் வெச்சு ஆராய்ச்சி நிறுவனம் வாங்கற சாஃப்ட்வேருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி தான், அந்த சலுகை 2022 ஜூலை 18-லேர்ந்து போயிடுச்சு, இப்ப 18. எங்க கைட் பழைய கணக்குல பட்ஜெட் போட்டு கொட்டேஷன் வந்ததும் தலைல கைய வெச்சிட்டாரு.

பெரம்பூர்_கேள்வி:
நான் பார்வை இல்லாத ஸ்டூடன்ட், ஸ்க்ரீன்ல இருக்கறத படிச்சு சொல்ற என்விடிஏ ஸ்க்ரீன் ரீடர் வெச்சு இத டைப் பண்றேன். இவ்ளோ பேரு பேசினீங்க, எங்கள பத்தி ஒருத்தரும் கேக்கல. எங்க காலேஜ்ல வாங்கின போர்ட்டல்ல அசைன்மென்ட் பக்கத்துக்கு போனா பட்டன், பட்டன், பட்டன்னு மட்டும் தான் படிக்கும், எது சப்மிட் எது டெலீட்டுன்னு தெரியாது. ஃபைல இழுத்து போடற மாதிரி மட்டும் தான் வெச்சிருக்காங்க, கீபோர்டுல வழியே இல்ல. ஒவ்வொரு தடவையும் ஃப்ரெண்டு கிட்ட என் பாஸ்வேர்ட குடுத்து தான் சப்மிட் பண்றேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கு, அத வாங்கறதுக்கு முன்னாடி காட்டினா தான் பிரயோஜனம், வாங்கிட்டா கம்பெனி அடுத்த வெர்ஷன்ல பாக்கறோம்ங்கறான்.

வியாசர்பாடி_வயர்மேன்:
பெரம்பூர், இது செக்யூரிட்டி பிரச்சனையும் தான், நீங்க பாஸ்வேர்ட குடுக்க வேண்டி வந்ததே வாங்கினவன் டெஸ்ட் பண்ணாததால. எங்க செக்லிஸ்ட்ல இது இல்ல, சேக்கறேன்.

தண்டையார்பேட்டை_லேப்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், மேடம் கிட்ட இந்த பக்கத்த அப்படியே காட்டிட்டேன். எங்களுது யுனிவர்சிட்டி நிதி தான். இதுல ஒரு டவுட்டு, கம்பெனிக்காரர் இத நாங்க மட்டும் தான் தரோம், டெண்டரே தேவையில்லன்னு ஒரு லெட்டர் தரேங்கறாரு. அத வெச்சு ஓட்டலாமா? அப்புறம் பெரம்பூர், எங்க டிபார்ட்மென்ட்லயும் என்விடிஏ யூஸ் பண்ற ரெண்டு பேரு இருக்காங்க, டெமோவ மறுபடி போட சொல்லி அவங்கள ஒக்கார வெக்கறேன்.

பழைய_சூப்பரண்டு:
ஓட்ட முடியாது. ஒரே ஒருத்தர் கிட்ட தான் கிடைக்கும்னா நம்ம ஸ்டேட் டெண்டர் சட்டத்துல 16-வது பிரிவுல விலக்கு இருக்கறது உண்மை, ஆனா விக்கறவன் லெட்டர் ஒரு காகிதம் தான், வேற எதுவும் ஏன் ஒத்து வராதுன்னு வாங்கறவங்க காரணம் எழுதணும். ஏற்கனவே மூணு கொட்டேஷன் வெச்சிருக்கீங்க, அதே ஃபைல்ல இவன் ஒருத்தன் தான்னு எழுதினா ஆடிட்டர் சிரிப்பாரு.

பிராண்ட் பேர எடுத்துட்டு என்ன வேலை செய்யணும்னு ஸ்பெக் எழுதுங்க, வயர்மேன் சொன்ன கேள்வியையும் பெரம்பூர் சொன்ன டெஸ்ட்டையும் டெக்னிகல் கவர்ல கண்டிஷனா போடுங்க. ரெண்டாவது வருஷ ரினியூவல் ரேட்டையும் இப்பவே கேட்டு வாங்கிடுங்க, மொத வருஷம் கம்மியா குடுத்துட்டு மார்க் எல்லாம் உள்ள போனதும் ஏத்துவாங்க. மார்ச்சுக்கு முன்னாடி பட்ஜெட் ஹெட்ல பணம் இருக்குன்னு ஃபைனான்ஸ் ஆபீசர் கிட்ட எழுத்துல வாங்கிட்டு அப்புறமா புது ஸ்பெக்க மறுபடி கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்புங்க, இந்த வரிசைய மாத்தாதீங்க.