ஆளுக்கு 25 கேஸ் என்ற வரம்பு: பணம் குறையும்போது பிடித்து நிற்பதா, விடுவதா?

கள மேற்பார்வை
இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் குழந்தைகள் பாதுகாப்புக் கேஸ்களைப் பார்க்கும் அணிக்கு நான் சூப்பர்வைசர். ஒரு கேஸ் என்பது ஆபத்தில் இருக்கும் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையை நேரில் போய்ப் பார்த்து, வேண்டிய உதவிக்கு வழி செய்கிறவர் கேஸ் ஒர்க்கர். அப்படி ஆறு பேர் இருக்கிறார்கள், இந்த மாதத்தோடு மூன்றாகிறார்கள். நிதி கொடுத்த டோனர் அமைப்பின் பணம் நின்றுவிட்டது. கையில் திறந்திருப்பவை 148 கேஸ்கள். ஆளுக்கு ஐம்பதாகப் பிரித்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் 'ஆபத்து குறைவு' என்று குறித்தவற்றை மாத முடிவுக்குள் மூடிவிடுங்கள் என்கிறது அலுவலகம்.

நான் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. உதவி அமைப்புகள் உலகெங்கும் பின்பற்றும், குழந்தைகள் பாதுகாப்புக்கான குறைந்தபட்சத் தரநிலைகளின் 2019 பதிப்பு, ஒரு கேஸ் ஒர்க்கரிடம் 25 கேஸுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. மூன்று பேருக்கு 75. மீதி 73-ஐ என்ன செய்வது என்பதை வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். ஐம்பது ஐம்பதாக அள்ளிக் கொடுத்துவிட்டு எல்லோரையும் பார்க்கிறோம் என்று எழுத என் கை வராது.

நெடுவரிசை
அக்கா, மன்னிக்கவும், முழுக்க மாறுபடுகிறேன். அந்த 25 ஆளும் பணமும் இருக்கும் காலத்துக்கு எழுதிய கணக்கு. 2024 முடிவில் உலகெங்கும் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் 12 கோடிக்கும் மேல் என்றது ஐ.நா. அகதிகள் முகமை. அதற்குப் பிறகு நிதி கூடவில்லை, வெட்டுதான் விழுந்தது. இந்த நிலையில் தரநிலையைக் காட்டிக் கதவைச் சாத்தினால், இருபத்தாறாவதாக வந்து நிற்கும் சிறுமிக்கு என்ன பதில் சொல்வீர்கள்? நானும் இதே வேலையில் ஒன்பது வருஷம் இருந்தவன். அறுபது கேஸ் சுமந்திருக்கிறேன். அரைகுறையாகவாவது ஒரு கண் மேலே இருந்ததால் தப்பித்த பிள்ளைகளைத் தெரியும்.

கள மேற்பார்வை
தப்பித்தவர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். தப்பாதவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

நேரத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு வீட்டுச் சந்திப்பு என்பது நடந்து போவது, பிள்ளையிடம் தனியாகப் பேச இடம் தேடுவது, பெரியவர்களிடம் பேசுவது, திரும்பி வந்து குறிப்பு எழுதுவது, கிளினிக்குக்கோ சட்ட உதவிக்கோ அனுப்பி வைத்த ரெஃபரல் என்ன ஆயிற்று என்று போன் செய்வது எல்லாம் சேர்ந்தது. அரை நாள் போய்விடும். கூட்டமும் அவசர கேஸும் போக வாரத்துக்கு ஆறு சந்திப்பு நடந்தால் பெரிது. 25 கேஸ் என்றால் ஒரு பிள்ளையை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். ஐம்பது என்றால் எட்டு வாரம்.

எட்டு வாரத்தில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். பெற்றோரைப் பிரிந்த பையன் ஒருவன் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தான். சுமை தாங்காத கேஸ் ஒர்க்கர் நேரில் போகாமல் போனில் விசாரித்து, 'நலம்' என்று பதிந்துவிட்டார். அவர் சோம்பேறி இல்லை, ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து ஃபைல் எழுதுகிறவர். ஆறு வாரம் கழித்து நேரில் போனபோதுதான், அவனை விடியற்காலையிலேயே வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. போனில் பேசும்போது அந்த வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஃபைலைப் புரட்டினால் குறையே தெரியாது, தேதி தவறாமல் எல்லாம் நிரப்பியிருக்கும். அதனால்தான் எனக்கு ஐம்பது என்றாலே பயம்.

நெடுவரிசை
அது பயிற்சிக் குறை. அதை வைத்து எண்ணிக்கையைத் தீர்மானிக்கக் கூடாது. தன்னார்வலர்களைச் சேர்க்கலாமே? அதே வரிசையில் குடியிருக்கும் பெண்கள், ஆசிரியராக இருந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆபத்து குறைந்த கேஸ்களை அவர்கள் வாராவாரம் பார்த்துவிட்டு வரட்டும்.

கள மேற்பார்வை
பிரச்சினை இருக்கும் வீட்டை அடையாளம் காண, கிளினிக்குக்குத் துணையாகப் போக, தகவல் சொல்ல அவர்களை விட நல்லவர்கள் இல்லை. ஃபைலை மட்டும் அவர்கள் கையில் கொடுக்க மாட்டேன். பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு அதே குழாயடியில் தண்ணீர் பிடிக்க வேண்டிய நிலையில் யாரையும் வைக்கக் கூடாது.

மேற்பார்வை இல்லாமல் இந்த வேலையில் ஆள் சேர்ப்பது ஆபத்தும்கூட. 2002-இல் கினி, லைபீரியா, சியரா லியோன் முகாம்களில் உதவிப் பொருளுக்கு ஈடாகச் சிறுமிகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானது வெளியே வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் உதவிப் பணியாளர்களே இருந்தார்கள். அடுத்த வருஷம் ஐ.நா. பொதுச்செயலர் அதற்கென்றே தனி விதி கொண்டுவர வேண்டியதாயிற்று. எந்தச் சிறுமிக்கு யாரும் இல்லை என்ற விவரம் நம் ஃபைலில்தான் இருக்கிறது. அதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர் கேள்வி கேட்க இருக்க வேண்டும். ஐந்தாறு கேஸ் ஒர்க்கருக்கு ஒரு சூப்பர்வைசர் என்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

கோப்பில் இருந்தவள்
இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். நான் ஒரு காலத்தில் உங்கள் 'கேஸ்'. இரண்டு வருஷத்தில் நான்கு பேர் மாறினார்கள். நான்கு பேரிடமும் முதலிலிருந்து அதே கதையைச் சொன்னேன். நான்காவதாக வந்தவர் நல்லவர், நான் பேச ஆரம்பித்ததே அவரிடம்தான். ஒருநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன், அதனால்தான் வருவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். மாதங்கள் கழித்து ஆபீசுக்கே போய்க் கேட்டபோது, என் ஃபைலை மூடியாயிற்று என்றார்கள். காரணம் என்ற இடத்தில் 'திட்ட இலக்கு நிறைவேறியது' என்று எழுதியிருந்தது. எனக்கு எதுவும் நிறைவேறவில்லை.

25-ஆ 50-ஆ என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மூடுவதானால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

தரவுப் பிரிவு
அக்கா சொன்னதோடு ஒன்று. 73 கேஸையும் வேறு நிறுவனத்துக்கோ அரசுத் துறைக்கோ மொத்தமாக மாற்றிவிடலாம் என்று அலுவலகம் அடுத்துச் சொல்லும். அவசரப்படாதீர்கள். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் சர்வர்களில் ஊடுருவல் நடந்து, 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரம் அந்நியர் கைக்குப் போனது 2022 ஜனவரியில் தெரியவந்தது. காணாமல் போனவர்கள், குடும்பத்தைப் பிரிந்தவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம், வங்கதேசத்தில் இருக்கும் ரோஹிங்கியா அகதிகளின் விவரங்கள் அவர்கள் எதை விட்டு ஓடிவந்தார்களோ அந்த மியான்மர் அரசுக்கே போனதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்டது. தகவல் அறிந்த சம்மதம் முறையாகக் கேட்கப்படவில்லை என்பதும் அதில் ஒரு புகார். அன்று உங்களிடம் கொடுத்த சம்மதம் உங்களுக்கு மட்டும்தான். மாற்றும்போது மறுபடி கேட்க வேண்டும், தேவையான பக்கத்தை மட்டும் கொடுக்க வேண்டும்.

நெடுவரிசை
73 பேரிடமும் சம்மதம் கேட்டு முடிப்பதற்குள் மாதம் ஓடிவிடும். அதற்குள் ஒரு பிள்ளை தொலைந்தால் அந்தக் கையெழுத்தை வைத்து என்ன செய்வீர்கள்?

கோப்பில் இருந்தவள் அக்கா, உங்களுக்கு நடந்தது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் 'இனி வர மாட்டோம்' என்று நேரில் சொல்வது சொல்கிறவருடைய மன நிம்மதிக்குத்தான் என்று தோன்றுகிறது. கேட்கிறவர் கையில் அப்போதும் ஒன்றும் இல்லை.

கோப்பில் இருந்தவள்
இல்லை தம்பி. சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு யாரையாவது தேடிப் போயிருப்பேன். அத்தனை மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

கள மேற்பார்வை
ராத்திரி இதையெல்லாம் திரும்பப் படித்தேன். என் பதிவிலும் ஒரு குறை இருக்கிறது. 'ஆபத்து குறைவு' என்று நாங்கள் போட்ட குறியில் பாதி, மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்காதவை. அந்தப் பையனுக்கும் அதே குறிதான் போட்டிருந்தோம். அதனால் யாரை விடுவது என்று பழைய குறியை வைத்து முடிவெடுக்கப் போவதில்லை. ஆறு பேரும் இருக்கும் இந்த மூன்று வாரத்துக்குப் புதுக் கேஸ்களில் உடனடி ஆபத்து உள்ளவற்றை மட்டும் எடுப்போம். மீதி நேரம் முழுக்க, கடைசியாக நேரில் பார்த்து அதிக நாளானவர்களிடமிருந்து தொடங்கிப் போய்ப் பார்ப்போம். நெடுவரிசை சொன்ன சிறுமி வந்தால் அவளையும் பார்ப்போம். அவளுக்காக யாரை விடுகிறோம் என்பதையும் எழுதி வைப்போம்.

மூடும் படிவத்தில் 'நிதி முடிந்தது' என்று ஒரு காரணமே கிடையாது. 'பிற' என்ற கட்டத்தில் அதையே எழுதப் போகிறேன். மேலிடத்தில் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நெடுவரிசை
மூன்று வாரத் திட்டம் சரி. 25-ஐப் பற்றி இன்னும் ஒத்துப்போகவில்லை. மாதக் கடைசியில் என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுங்கள் அக்கா.

கோப்பில் இருந்தவள்
போகும்போது எங்கே போய்க் கேட்கலாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாத வீடு என்றால் கையோடு கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டிவிடுங்கள்.