விராவில் விசில் சத்தம்: ஆம்ப் மாற்றுவதா, வயரிங் பார்ப்பதா?

பழைய விரா:
வணக்கம் அண்ணன்மார்களே. என் காடி 1998 புரோட்டான் விரா 1.5, அப்பா ஓட்டியது. போன மாதம் ஒரு கடையில் ரேடியோவை மாற்றி, பூட்டில் (பின் டிக்கியில்) நாலு சேனல் ஆம்ப், அதாவது ரேடியோ சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, போட்டேன். அன்றிலிருந்து ஸ்பீக்கரில் 'உய்ய்ங்' என்று ஒரு விசில். எண்ணெய் மிதித்தால் ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டரும் மின்னல் எஃப்எம்மோடு சேர்ந்து அதுவும் பாடுகிறது. கடைக்காரர் நாய்ஸ் ஃபில்டரும் கெப்பாசிட்டரும் (கரண்டைச் சேர்த்து வைக்கும் பாகம்) போடச் சொல்கிறார், 280 வெள்ளி. போடலாமா? வலது கதவு ஸ்பீக்கர் வேறு கரகரக்கிறது.

பாஸ் பிரியன்:
தம்பி, மலிவு ஆம்ப் என்றால் விசில் அடிக்கத்தான் செய்யும். தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள். கூடவே பாஸ் என்கிற கனத்த சத்தத்துக்கு 12 இன்ச் சப்வூஃபர் ஸ்பீக்கர். பாஸ் இறங்கினால் விசிலாவது ஒன்றாவது, காதிலேயே விழாது.

ஜெலுத்தோங் வயர்மேன்:
கூரை ஒழுகுகிறது என்றால் குடை வாங்கிக் கொடுக்கிற யோசனை இது.

மிதிக்க மிதிக்க ஏறும் சத்தம், எஞ்சின் சுற்றச் சுற்ற கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டருடையது. அது உள்ளே உண்டாக்குவது திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்ட். டையோடுகள்தான் அதை ஒரே திசையில் ஓடும் டிசி ஆக்குகின்றன. முழுக்க மட்டமாகாமல் கொஞ்சம் அலை மிச்சம் இருக்கும், எல்லாக் காடியிலும் இருக்கும். ரேடியோவின் எர்த் (கரண்ட் திரும்பிப் போக காடியின் இரும்பில் முறுக்கும் வயர்) டேஷ்போர்டில் ஓரிடம், ஆம்பின் எர்த் பூட்டில் வேறிடம். இரண்டுக்கும் நடுவில் துளி வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் அது ரேடியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர் வழியாக ஓடும். ஆம்புக்குப் பாட்டு எது, விசில் எது என்று தெரியாது, இரண்டையும் பெருக்கிவிடும்.

தம்பி, எஞ்சின் ஓடும்போது ஆம்பிலிருந்து ஆர்சிஏவைக் கழற்றுங்கள். விசில் நிற்காவிட்டால் ஆம்புக்குள்ளோ அதன் கரண்ட் பக்கமோ கோளாறு. நின்றால் எர்த் வித்தியாசம், இல்லையேல் ஆர்சிஏ போகும் பாதை. எர்த் போல்ட்டைப் பெயிண்ட் மேலேயே முறுக்கியிருப்பார்கள், நான் பார்த்த பாதி காடிகளில் அப்படித்தான். சுரண்டி, இரும்பு பளபளத்த பிறகு முறுக்குங்கள். பேட்டரி வயரும் ஆர்சிஏவும் ஒரே பக்கமாக இழுத்திருந்தால் பிரித்துவிடுங்கள். கெப்பாசிட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பாஸ் பிரியன்:
என் சாகா காடியிலும் இதே விசில்தான். ஆம்பை மாற்றினேன், போய்விட்டது. ஒரு வயரைக்கூடத் தொடவில்லை.

ஜெலுத்தோங் வயர்மேன்:
வயரைத் தொடாமல் ஆம்பை எப்படிக் கழற்றினீர்கள்? பழையதை எடுத்துப் புதியதை மாட்டும்போது எர்த்தும் புதிதாக முறுக்கியிருப்பார்கள். விசில் அதில்தான் போயிருக்கும்.

காசுக் கணக்கு:
ஆம்பே எதற்கு? ரேடியோ பெட்டியில் 50 வாட், நாலு சேனல் என்று அச்சடித்திருப்பது ஒரு நொடி உச்சம். 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டால் சுத்தமான சத்தம் 26 வாட்டைத் தாண்டாது, நிஜத்தில் 20 பக்கம். வயதான காடிக்கு அது போதும். ஆம்பை விற்று டயர் வாங்குங்கள்.

பாஸ் பிரியன்:
பாலத்தில் 80-ல் போகும்போது, கதவு ரப்பர் தேய்ந்த விராவில், 20 வாட்டில் என்ன கேட்கும்? ஃபோர்மன் திட்டுவது போல ஏதோ முணுமுணுக்கும்.

ஜெலுத்தோங் வயர்மேன்:
இதில் பாஸ் பிரியன் பக்கம்தான் நான். ஆம்ப் இருக்கட்டும்.

பிறை அக்கா:
தம்பி, பாட்டு எதில் கேட்கிறீர்கள்? ஃபோனை சிகரெட் லைட்டரில் சார்ஜ் போட்டபடி ஆக்ஸ் வயரில் கேட்டால் அதுவும் விசில் அடிக்கும். என் கஞ்சில் காடியில் மூன்று மாதம் இதற்காக அலைந்தேன். கடைசியில் பார்த்தால் சார்ஜர்!

பழைய விரா:
ஞாயிற்றுக்கிழமை முழுக்க பூட்டில்தான் கிடந்தேன். ஆர்சிஏவைக் கழற்றியதும் விசில் நின்றது. எர்த் போல்ட்டைத் தேடினால், பின்சீட்டுக்குப் பின்னால் பெயிண்ட் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள், வயர்மேன் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி. சுரண்டி முறுக்கினேன். ரேடியோவில் இப்போது சுத்தம். ஆக்ஸில் மட்டும் லேசாக இருந்தது. அக்கா சொன்னபடி சார்ஜரைப் பிடுங்கினேன், அதுவும் போனது. செலவு ஒரு தாள் உப்புத்தாள். வலது கதவைத் திறந்தேன். ஸ்பீக்கர் ஓரத்து ஃபோம் கையோடு பொடிப்பொடியாக வந்துவிட்டது.

ஜெலுத்தோங் வயர்மேன்:
நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஃபோம் அவ்வளவுதான். ரப்பர் ஓரம் வைத்ததாகப் பார்த்து முன் கதவுக்கு மட்டும் ஒரு ஜோடி வாங்குங்கள். கதவின் உள்தகட்டில் இருக்கும் ஓட்டைகளை பியூட்டைல் ஷீட்டால் (ஒட்டிக்கொள்ளும் ரப்பர் தகடு) அடையுங்கள். ஸ்பீக்கரின் பின்பக்கக் காற்று முன்னால் வந்து கலந்தால் பாஸ் செத்துவிடும். அடைத்தால் பழைய ஸ்பீக்கரே வேறு மாதிரி பாடும்.

பாஸ் பிரியன்:
பின்னால் ஆறுக்கு ஒன்பது இன்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி போடுங்கள், கதவை அடைக்கும் வேலையே வேண்டாம்.

காசுக் கணக்கு:
பாடகர் நம் முதுகுக்குப் பின்னால் நின்று பாடவா?

பாஸ் பிரியன்:
சரி சரி. 12 இன்ச் எப்போது தம்பி?

பழைய விரா:
அண்ணே, பூட்டில் அம்மாவின் பசார் சாமான் போக ஆம்புக்கே இடம் பிடித்தது பெரும்பாடு. இந்த வாரம் கதவு மட்டும்.