வந்து 2 மாதம்தான் ஆகிறது, தங்கச்சிக்கு இங்கிருந்து லேப்டாப் வாங்கி அனுப்பலாமா?

வஅலைக்கும் ஸலாம் தம்பி. விசாவுக்கு வாங்கின கடனே இன்னும் அடையவில்லை, அதற்குள் தங்கச்சி காலேஜில் சேர்ந்துவிட்டாள், இங்கே துபாயில் ஒரு லேப்டாப் வாங்கி ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஷார்ஜாவில் 11 வருஷம், ஊர் பெரியபட்டினம். கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் வருஷா வருஷம் காலேஜ் திறக்கிற சமயத்தில் கேட்கிற கேள்விதான் இது. என் பதில், பணத்தை அனுப்புங்கள், பெட்டியை அனுப்பாதீர்கள்.

இங்கே வாட் 5 சதவீதம், ஊரில் ஜிஎஸ்டி 18 சதவீதம், அப்போ இங்கேதான் மலிவு என்று ரூமில் நாலு பேர் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். கணக்கு தப்பில்லை. ஆனால் ஊரில் காலேஜ் சீசனில் கார்டு தள்ளுபடி, பழைய லேப்டாப்புக்கு எக்ஸ்சேஞ்ச் என்று பாதி வித்தியாசம் கரைந்துவிடும், மிச்சம் இருப்பது சில ஆயிரம் ரூபாய். அந்தச் சில ஆயிரத்துக்காக வாரன்டியை இங்கே வைத்துக்கொண்டு லேப்டாப்பை அங்கே வைக்க வேண்டுமா? சில கம்பெனி, சில மாடலுக்குத்தான் வெளிநாட்டு வாரன்டி ஊரிலும் செல்லும். கடைக்காரர் "இன்டர்நேஷனல் வாரன்டி பாய்" என்று வாயால் சொல்வதை நம்பாமல், சீரியல் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு எந்த நாட்டு வாரன்டி என்று நீங்களே பாருங்கள். ரிப்பேர் என்றால் தங்கச்சி அதைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் போக வேண்டும், அங்கே ஆகவில்லை என்றால் மதுரை, நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில். பில் துபாய்க் கடை பேரில் இருந்தால் அங்கே பேச்சே வேறு.

என் கதையைச் சொல்கிறேன். நான் வந்த மூன்றாவது வருஷம் தம்பிக்காக பர்துபாய் கம்ப்யூட்டர் ஸ்ட்ரீட்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன், 650 திர்ஹம். கம்பெனிகள் ஒதுக்கிவிடுகிற ரகம், கெட்டியான உடம்பு, பார்த்தால் புதுசு மாதிரி. எந்தக் கடை என்பது வேண்டாம். ஊருக்குப் போன மாமா பையில் போய்ச் சேர்ந்தது. தம்பி ஆசையாக எல்லாவற்றையும் அழித்து ரீசெட் போட்டு வைஃபையில் இணைத்தான், அவ்வளவுதான், திரையில் யாரோ ஒரு கம்பெனியின் பேர் வந்து நின்றது, கீழே ஆபீஸ் இமெயில், பாஸ்வேர்டு கேட்கிற இரண்டு கட்டம். வீடியோ காலில் போனை அந்தத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு "காக்கா, இது யார் பேரு?" என்று கேட்டான் (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்). எனக்கென்ன தெரியும். பழைய முதலாளி கம்பெனி தன் கணக்கிலிருந்து அந்த மெஷினை விடுவிக்காமலே விற்றுவிட்டிருக்கிறது, ஒவ்வொரு தடவை ரீசெட் செய்து நெட்டில் இணைக்கும்போதும் அது பழைய வீட்டையே தேடும். திருப்பிக் கொடுக்க அது என் கையில் இல்லையே. உம்மா அதை இன்னும் அலமாரியில் துணி போர்த்தி வைத்திருக்கிறார், துபாயிலிருந்து வந்ததாம்.

அதனால் செகண்ட் ஹேண்ட்தான் முடியும் என்றால், எங்கே வாங்கினாலும் சரி, கடையிலேயே நிற்க வைத்து ரீசெட் போடச் சொல்லுங்கள், உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு நெட்டில் இணைத்து முதல் பக்கம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை. அப்புறம் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அது உண்டு, முதலில் எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு நிரம்புகிறது என்று இரண்டு எண் வரும், பாதிக்கு வந்திருந்தால் பேட்டரி விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, பழைய மெஷின்கள் இப்போது இவ்வளவு மலிவாகக் கிடைக்க ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஏற இன்டெல் ப்ராசஸரில் 8-ஆவது தலைமுறையாவது வேண்டும். ஐ5 என்று ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள், அதற்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம்: 7200 என்றால் ஏழாவது, தள்ளுங்கள், 8250 என்றால் எட்டாவது, 1135 என்றால் பதினொன்று, 1235 என்றால் பன்னிரண்டு. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் ப்ராசஸரில் இன்னொரு கூத்து. 7520 என்பதைப் பார்த்தால் 7530-க்குப் பக்கத்துத் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் மூன்றாவது எண் 2 என்றால் உள்ளே இருப்பது பழைய வடிவமைப்பு, 3 என்றால் அதற்கு அடுத்தது. எழுதுகிற வேலைக்கு 7520 போதும், விலை மட்டும் 7530 விலையாக இருக்கக் கூடாது.

புதுசு வாங்கினால் 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, இதற்குக் கீழே இறங்க வேண்டாம். 64 ஜிபி இஎம்எம்சி (மெதுவான, மலிவு ரகச் சேமிப்பு) போட்ட, செலரான் என்ற அடிமட்ட ப்ராசஸர் லேப்டாப் பார்க்க அழகாக, விலை பாதியாக இருக்கும், ஒரு வருஷத்தில் அப்டேட்டுக்கே இடம் இருக்காது. ராம் மதர்போர்டோடு ஒட்டியதா, கழற்றி மாற்றும்படி ஸ்லாட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஸ்லாட் இருந்தால் இப்போது 8 போதும், மூன்றாம் வருஷம் உங்கள் கை கொஞ்சம் நிமிர்ந்ததும் 16 ஆக்கிக்கொள்ளலாம். தங்கச்சி என்ன படிக்கிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லை. பிகாம் என்றால் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், எக்ஸெல்தான், எந்த விண்டோஸ் லேப்டாப்பும் போதும், ஆனால் டேலி மேக்கில் ஓடாது. பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸில் மொபைல் ஆப் செய்யச் சொன்னால் 8 ஜிபி மூச்சு வாங்கும், அவளுக்கு மட்டும் 16-க்கு முயலுங்கள். அரசுக் கல்லூரி என்றால் வாங்குவதற்கு முன் காலேஜில் விசாரிக்கச் சொல்லுங்கள். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள், அவள் பெயர் பட்டியலில் வருமா என்று தெரிந்துகொண்டு செலவு செய்யலாம்.

நம் ஊர்க் காற்றை மறந்துவிடாதீர்கள். கடலுக்குப் பக்கத்து வீடு என்றால் ஜன்னலோர மேசையில் லேப்டாப்பை வைக்க வேண்டாம். நான் போன தடவை ஊரில் மச்சானுடைய லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் இருந்த பத்துத் திருகாணியில் ஏழு பழுப்பேறி, ஸ்க்ரூடிரைவர் வைத்தால் தலை மழுங்கிவிடுகிற நிலை, யுஎஸ்பி ஓட்டையின் உதட்டில் பச்சை. வாங்கி இரண்டு வருஷம்தான். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது உப்போடு மணலும் வரும், ஃபேன் அதை உள்ளே இழுக்கும். வேலை முடிந்ததும் பைக்குள் வைத்து ஜிப்பை மூடச் சொல்லுங்கள், ஈரத்துணியால் துடைக்காமல் காய்ந்த துணி போதும். கட்டிலில், தலையணை மேல் வைத்துப் பார்ப்பது அதைவிட மோசம்.

இவ்வளவுக்கும் பிறகு, இல்லை காக்கா, இங்கே நல்ல ஆஃபர் இருக்கிறது என்றால் வாங்குங்கள், தடுக்கவில்லை. ஆனால் கார்கோவில் போடாதீர்கள், வரியும் வரும், அடியும் படும். 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுபோகலாம். ஒன்றுதான். கொண்டுபோகிறவர் தன் சொந்த லேப்டாப்பையும் வைத்திருந்தால் உங்களுடையது இரண்டாவது, கஸ்டம்ஸில் மாட்டினால் சங்கடம் அவருக்கு. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லை அவர் கையில் கொடுங்கள், கேபின் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

கீழே கமென்டில் ஒருவர் சார்ஜர் பின் பற்றிக் கேட்டிருக்கிறார். இங்கே சதுரப் பின், ஊரில் உருண்டைப் பின், கரன்ட் இரண்டு இடத்திலும் 230 வோல்ட்தான், சார்ஜரில் 100-240 என்று போட்டிருக்கும். பின் மாற்றுகிற கன்வெர்ட்டர் பிளக்கை மாட்டி ஆட்டி ஆட்டிப் பொறி பறக்க விடாதீர்கள். பெரும்பாலான சார்ஜரில் சுவரிலிருந்து சார்ஜர் பெட்டி வரை வருகிற ஒயர் தனியாகக் கழன்று வரும், அதை மட்டும் மாற்றினால் போதும். ஊர்க் கடையில் மிக்கி மவுஸ் ஒயர் என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். கீபோர்டில் அரபி எழுத்தும் இருக்குமே என்று கேட்ட தம்பிக்கு: இருக்கும், தொந்தரவில்லை.

தவணையில் எடுக்கலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். ப்ரொபேஷன் இங்கே 6 மாதம் வரை போகும், அது முடியும் வரை உங்கள் பெயரில் எந்தத் தவணையும் வேண்டாம். தங்கச்சிக்கு முதல் செமஸ்டரில் லேப்டாப் இல்லாமல் ஓடும், லேப் இருக்கிறது. அவளையே கடையில் போய்த் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பிடித்த மாடலின் அடிப்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பட்டும், காசு கட்டுவதற்கு முன்னால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு நான் சும்மாதான் இருப்பேன்.